எந்தத் தொண்டமான்? ஒரே பெயரில் பலர்: அடிக்கடி வரும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, லெமினேட்டிங், பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்புவது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒப்படைக்கு (அசைன்மென்ட்) படமும் விவரமும் எடுத்துக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. ஒருநாள் ஒரு பிள்ளை வேறு எங்கேயோ பிரிண்ட் எடுத்த ஒப்படையைக் கட்டிக்கொடுக்கச் சொல்லி வந்து நின்றது. தலைப்பு 'மலையகத் தலைவர் தொண்டமான்'. முதல் பக்கத்தில் தலைப்பாகை, முத்துமாலை, இடுப்பில் வாளோடு ஒரு ராஜா உட்கார்ந்திருக்கிறார்! புதுக்கோட்டை மகாராஜா. பெயரைத் தட்டினால் முதலில் வந்த படத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், பாவம். அன்றைக்குத்தான் இதையெல்லாம் ஒருதரம் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கடையில் கேட்கிற கேள்விகளை அப்படியே போட்டிருக்கிறேன், வரிசை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

சும்மா 'தொண்டமான்' என்று சொன்னால் யார்?

யார் சொல்கிறார்கள், அவர்களுக்கு வயது என்ன என்பதைப் பொறுத்தது. அறுபது தாண்டியவர் சொன்னால் சௌமியமூர்த்தி தொண்டமான். நாற்பதுகளில் இருப்பவர் சொன்னால் பெரும்பாலும் ஆறுமுகன் தொண்டமான். இப்போது ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதுகிற பிள்ளைக்கு ஜீவன். திருகோணமலைக்காரர் சொன்னால் செந்தில் தொண்டமானாக இருக்கும், ஏனென்றால் அவர் கொஞ்ச காலம் கிழக்கு மாகாண ஆளுநராக இருந்தார். தமிழ்நாட்டுக்காரர் சொன்னால் இந்த நால்வரில் யாருமே இல்லாமலும் போகலாம்.

சௌமியமூர்த்தி தொண்டமான் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?

பிறந்தது 1913 ஆகஸ்ட் 30. ஊர் இன்றைய சிவகங்கை மாவட்டத்து மூனாப்புதூர். அப்பா கருப்பையா, பிழைக்க வழி தேடி இலங்கைக்கு வந்து, கங்காணியாகி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்குகிறவர்), கடைசியில் றம்பொடைப் பக்கம் வேவண்டன் தோட்டத்துக்கே சொந்தக்காரரானவர். மகன் 1924-ல் இங்கே வந்து கம்பளை சென் அன்ட்ரூஸ் கல்லூரியில் படித்தார். 1939-ல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானபோது கம்பளைப் பக்கத்து வேலைகளில் இறங்கியவர், சில வருசத்திலேயே அதன் தலைவரானார். அந்த அமைப்புத்தான் பிறகு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், நம் வாயில் இ.தொ.கா., சின்னம் சேவல்.

1947 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள், அதில் நுவரெலியா தொகுதி இவருடையது. அடுத்த வருசமே 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்து தோட்டத்துச் சனத்தை நாடற்றவர் ஆக்கிவிட்டது, அதன் பின்னால் வாக்குரிமையும் போனது. 1952-ல் கொழும்பில் நாலு மாதத்துக்கும் மேல் சத்தியாக்கிரகம் நடத்திப் பார்த்தார்கள், அசையவில்லை. 1960-ல் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றத்துக்குத் திரும்பினார், 1977-ல் வாக்கு வாங்கியே வந்தார், 1978-ல் அமைச்சர். அதன்பிறகு ஜே.ஆர்., பிரேமதாச, விஜேதுங்க, சந்திரிகா என்று நாலு ஜனாதிபதிகள் மாறினாலும் இவர் நாற்காலி மாறவில்லை, 1999 ஒக்டோபர் 30 அன்று இறக்கும் வரை. பத்திரிகைகள் 'தொண்டா' என்று தலைப்புப் போடும்.

தோட்ட முதலாளியின் மகன் தோட்டத் தொழிலாளிக்குத் தலைவரா என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் டீக்கடையில் யாராவது கிளப்புவார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பிரஜாவுரிமை இல்லாமல் கிடந்தவர்களுக்கு அது திரும்பக் கிடைத்ததில் (1988-ல் ஒரு சட்டம், 2003-ல் இன்னொன்று, இரண்டாவது அவர் கண்மூடிய பிறகு) அவர் அமைச்சரவைக்குள் உட்கார்ந்து பேரம் பேசியதற்குப் பங்கு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

'எஸ். தொண்டமான்' என்று ஒரு பழைய தாளில் இருக்கிறது, யார் அது?

வருசத்தைப் பாருங்கள். 1999-க்கு முன்னால் என்றால் சௌமியமூர்த்தி, ஆங்கிலத்தில் அதுவும் 'எஸ்' எழுத்துத்தான். இந்தப் பத்துப் பதினைந்து வருசத்துத் தாள் என்றால் செந்தில். ஒரே கட்சி, ஒரே எழுத்து, ஒரே பெயர், கட்சிக் கடிதத்தலைப்பிலும் இந்த இருவருமே வருவார்கள். பழைய கோப்பைத் தூசி தட்டுகிற ஆராய்ச்சி மாணவர்கள் இதில்தான் சறுக்குவார்கள்.

ஆறுமுகமா, ஆறுமுகனா?

ஆறுமுகன். வாய்ப்பேச்சில் 'ஆறுமுகம் தொண்டமான்' என்று வரும், சுவரொட்டியிலும்கூடப் பார்த்திருக்கிறேன், ஆனால் 'ன்'தான் சரி. சௌமியமூர்த்தியின் மகன் இராமநாதன், இராமநாதனின் மகன் ஆறுமுகன், அதாவது பேரன். 1964-ல் பிறந்தவர், 1994-ல் பாராளுமன்றம் போனார், தாத்தா போன பிறகு கட்சி இவர் கைக்கு வந்தது. 2020 மே 26 அன்று திடீரென்று இறந்தார், 56 வயது நிறைய இன்னும் மூன்று நாள் இருந்தது. ஊரடங்குக் காலம். நோர்வூட்டில் தகனம். சாவு வீட்டுக்குப் போக முடியாமல் ரோட்டோரத்தில் வெள்ளைக்கொடி கட்டி நின்றவர்களை நான் பார்த்தேன்.

ஜீவனும் செந்திலும் அண்ணன் தம்பியா?

இல்லை. ஜீவன், ஆறுமுகனின் மகன். செந்தில் அதே குடும்பத்து உறவு. ஜீவனுக்கு 25 வயதில் அப்பா போனார், அப்பாவுக்குப் பதில் வேட்பாளர் பட்டியலில் ஏறி அதே 2020 ஆகஸ்ட் தேர்தலில் ஒரு லட்சத்துக்கும் மேல் விருப்பு வாக்கு எடுத்தார், 2023-ல் நீர் வழங்கல், தோட்ட உட்கட்டமைப்பு அமைச்சர், 2024-ல் மறுபடியும் நுவரெலியாவில் இருந்தே பாராளுமன்றம். செந்திலுக்குக் களம் பதுளை, ஊவா மாகாண சபை. 2023 மேயில் கிழக்கு மாகாண ஆளுநரானார். தமிழ்நாட்டில் ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறவர் என்று இவருக்கு ஒரு தனிப் பெயர் உண்டு, 2024 சனவரியில் சம்பூரில் ஜல்லிக்கட்டு நடந்ததும் இவர் ஆளுநராக இருந்தபோதுதான்.

தொண்டமானா, தொண்டைமானா?

இரண்டும் ஒன்றுதான். பழைய தமிழில் 'தொண்டைமான்', இந்தியாவில் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இலங்கையில் நடுவில் இருந்த 'டை' தேய்ந்து 'ட' ஆகிவிட்டது. ஒப்படை எழுதுகிற பிள்ளைகளுக்கு ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: தேடும்போது ஐகாரம் இல்லாமல் தட்டு, நம்ம ஆள் வருவார், ஐகாரத்தோடு தட்டினால் ராஜா வருவார். நூற்றுக்கு நூறு சரி என்று இல்லை, ஆனாலும் உதவும்.

தொண்டு செய்ததால்தானே தொண்டமான்?

இல்லை ஐயா! மேடையில் பேசுகிறவர்கள் அப்படிச் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள், அழகாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பெயர் தொண்டிலிருந்து வரவில்லை, தொண்டையிலிருந்து வந்தது, அதுவும் சாப்பாடு இறங்குகிற தொண்டை இல்லை, ஒரு கொடி. காஞ்சியைச் சுற்றிய நாடு தொண்டை நாடு, அதை ஆண்டவன் தொண்டைமான். சேரமான், மலையமான், அதியமான் என்று வருகிற அதே 'மான்' தான் கடைசியில் நிற்கிறது. சோழனுக்கும் நாக கன்னிக்கும் பிறந்த பிள்ளையைக் காலில் தொண்டைக் கொடியைச் சுற்றிக் கடலில் விட்டார்கள், கொடியை வைத்து அடையாளம் கண்டார்கள் என்று ஒரு கதையும் உண்டு. ஆக, இது ஒரு ஆளின் பெயரே இல்லை, பதவிப் பெயர். 'துரை' என்பது மாதிரி.

சங்க காலத்திலேயே இந்தப் பெயர் இருந்ததா?

இருந்தது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல்தான் பெரும்பாணாற்றுப்படை பாடப்பட்டிருக்கிறது. அப்புறம், அதியமானின் தூதாக ஔவையார் ஒரு தொண்டைமானிடம் போன கதை புறநானூற்றில் 95-ஆவது பாட்டாக இருக்கிறது, ஏ.எல். தமிழ் படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டிப் பெருமைப்படுகிறான். ஔவையார் பார்க்கிறார், உன் வேல்கள் மயில்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலுக்குள் பத்திரமாக இருக்கின்றன, எங்கள் அரசனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போல் ஒரு குத்து. என் வாசிப்பில் ஒரு தொண்டைமான் வாங்கிய முதல் அரசியல் நக்கல் இதுதான்.

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுக்கும் நம்ம தொண்டமானுக்கும் சம்பந்தம் உண்டா?

இல்லை. வடமராட்சியில் செல்வச்சந்நிதி முருகன் கோயில் ஓரமாகப் போகிற அந்த ஆறு, முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் பெயரைத் தாங்கியிருப்பதாக ஊர் வழக்குச் சொல்கிறது, உப்பு ஏற்றிப் போக அவன் வெட்டுவித்ததாம். கலிங்கத்துப் போருக்குப் போனவனும் அவனே, கலிங்கத்துப்பரணியில் வருவான். சந்நிதிக்கு நேர்த்திக்குப் போகிற எங்கள் ஆட்கள் பஸ்ஸில் பலகையைப் பார்த்துவிட்டு "இங்கேயும் ஐயா பேர் வச்சிருக்காங்களே" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஐயா பிறப்பதற்கு எண்ணூறு வருசம் முந்திய விசயம் அது.

அந்த ராஜா படம்? புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் யார்?

பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ரகுநாதராயத் தொண்டைமானோடு தொடங்கி, 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேரும்வரை புதுக்கோட்டையை ஆண்ட குடும்பம். கடைசி ராஜா ராஜகோபாலத் தொண்டைமான். கதைக்குக் குறைவே இல்லாத குடும்பம் அது. 1799-ல் கட்டபொம்மன் பிடிபட்டது தொண்டைமான் சீமையில், அந்தப் பழி இன்றைக்கும் அவர்களைத் துரத்துகிறது, பிடித்துக் கொடுத்தாரா, வேறு வழி இல்லாமல் போனதா என்று அங்கே எழுதித் தீர்க்கிறார்கள். 1915-ல் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியாவில் மோலி பிங்க் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார், வெள்ளைக்கார அரசு அவரை ராணியாக ஏற்கவே இல்லை, மகனுக்கும் பட்டம் கிடைக்கவில்லை. அந்த வம்சத்துக் கார்த்திக் தொண்டைமான் 2012 இடைத்தேர்தலில் புதுக்கோட்டை சட்டமன்ற உறுப்பினர் ஆனார். தமிழ்நாட்டுச் செய்தியில் 'எம்.எல்.ஏ. தொண்டைமான்' என்று வந்தால் நம்ம கட்சி இல்லை.

வேறு தொண்டைமான்கள்?

எழுத்துக்காரர் தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், திருநெல்வேலிக்காரர், அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே கோயில் கோயிலாகப் போய் எழுதியவர். அவருடைய சொந்தத் தம்பி யார் தெரியுமா? எழுத்தாளர் தொ.மு.சி. ரகுநாதன். ஒரே வீடு, ஒரே அப்பா, அண்ணன் பெயரில் தொண்டைமான் நிற்கிறது, தம்பி பெயரில் அது இல்லை. தமிழரின் குடும்பப் பெயர் இப்படித்தான், வேண்டுமென்றால் தோளில் போடலாம், வேண்டாமென்றால் கொடியில் காயப்போடலாம்.

அப்படியென்றால் மலையகத்தில் மற்றவர்களுக்கு ஏன் குடும்பப் பெயரே இல்லை?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் பாஸ்போர்ட் எடுக்க வருகிறவர்கள் எரிச்சலோடு கேட்பார்கள்: "தொண்டமானுக்கு மட்டும் இருக்கு, எனக்கு ஏன் இல்ல?"

தமிழருக்குப் பொதுவாகவே கிடையாது, அப்பா பெயர், தன் பெயர், அவ்வளவுதான். ஊரில் இருந்த காலத்தில் பட்டப்பெயர், சாதிப்பெயர், குலதெய்வத்துப் பெயர் என்று ஏதோ ஒன்று பின்னால் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கும். மண்டபம் முகாமைத் தாண்டிக் கப்பல் ஏறித் தோட்டத்துக்கு வந்து சேரும்போது கங்காணியின் துண்டுச் சீட்டில் எழுதியது ஒற்றைப் பெயர். ராமசாமி. மாரிமுத்து. காத்தாயி. தோட்டத்துச் செக்ரோலில் (வேலை, சம்பளப் பதிவேடு) அந்த ஒற்றைப் பெயருக்கு முன்னால் ஒரு எண். துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் அது போதும்.

எங்கள் பேச்சில் 'பேர்' என்பதற்கே அர்த்தம் வேறு, யோசித்திருக்கிறீர்களா? "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா" என்றால் இன்றைய சம்பளம் பதிந்ததா என்று அர்த்தம். கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. உலகத்தில் வேறு எங்கே ஒரு மனுசிக்கு சாயங்காலம் பாதிப் பெயர்தான் கிடைக்கும் என்று தெரியவில்லை.

ஒரே தோட்டத்தில் நாலு பெருமாள் இருந்தால் மேட்டு லயத்துப் பெருமாள் (லயம் என்றால் தொழிலாளர் வரிசை வீடு), பணிய லயத்துப் பெருமாள், பெக்டரிப் பெருமாள், மிஞ்சினவர் நெட்டைப் பெருமாள். லயத்துக்குள் குழப்பமே வராது. வெளியே வந்தால்தான் தகராறு. பக்கத்துக் கிராமத்துச் சிங்கள ஆட்களைப் பாருங்கள், அவர்களுக்கு வாசகமப் பெயர், அதாவது பரம்பரைப் பெயர், முன்னாலேயே நிற்கும், 'எச்.எம்.' என்றால் ஹேரத் முதியன்சலாகே, 'டி.எம்.' என்றால் திசாநாயக்க முதியன்சலாகே, இப்போதைய ஜனாதிபதியின் முழுப்பெயரே திசாநாயக்க முதியன்சலாகே அனுர குமார திசாநாயக்க. படிவத்தை அச்சடித்தவர் அந்தக் கணக்கில் கட்டம் போட்டிருக்கிறார். நம்ம ஆள் அந்தக் கட்டத்துக்கு முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார்.

பெயர் ஒரு எழுத்து மாறினால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு: என் அப்பாயியின் சேமலாப நிதி, அதாவது ஓய்வு பெறும்போது வருகிற பி.எஃப். பணம். தோட்டத்துப் பதிவில் 'லெட்சுமி', அடையாள அட்டையில் 'லட்சுமி', கல்யாணப் பத்திரத்தில் சிங்களத்தில் எழுதி மறுபடி தமிழுக்கு வந்து 'லச்சமி'. முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்த காசு. மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்து, கிராம சேவகர் கையெழுத்து வாங்கி, ஒரு அலுவலகத்துக்கும் இன்னொரு அலுவலகத்துக்கும் நான்தான் அலைந்தேன். அந்த அலைச்சலில்தான் படிவம் நிரப்பப் பழகினேன், பிறகு அதுவே தொழிலாகிவிட்டது.

கருப்பையா தொண்டமான் குடும்பத்துக்கு ஏன் பெயர் நிலைத்தது என்பதற்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. அவர்கள் துண்டில் இருந்து உறுதிப்பத்திரத்துக்கு நகர்ந்தார்கள். காணி உறுதியில் பெயர் முழுசாக எழுத வேண்டும், அப்பாவிடம் இருந்து மகனுக்கு மாறும்போது அந்தப் பெயரும் கூடவே மாறும். சொத்து இருக்கிற இடத்தில்தான் குடும்பப் பெயர் வேர் பிடிக்கிறது என்பது என் எண்ணம். அந்த 1947 ஏழு பேரின் பட்டியலையே எடுங்கள்: தொண்டமான், ராஜலிங்கம், வேலுப்பிள்ளை, குமாரவேலு, மோத்தா, ராமானுஜம், சுப்பையா. இதில் தலைமுறை தாண்டி வருகிற மாதிரிப் பெயர் இரண்டே இரண்டுதான், ஒன்று தொண்டமான், இன்னொன்று தூத்துக்குடிக் கடற்கரையில் இன்றைக்கும் கேட்கிற போர்த்துக்கேயப் பெயரான மோத்தா. மற்ற ஐந்தும் ஆளோடு வந்து ஆளோடு போகிறவை.

முத்தையா முரளிதரனின் குடும்பப் பெயர் முத்தையாவா, முரளிதரனா?

ரெண்டும் இல்லை! முத்தையா அப்பா பெயர், முரளிதரன் அவர் பெயர். அப்பா சின்னசாமி முத்தையா, கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்தவர். தாத்தா பெரியசாமி சின்னசாமி, 1920-ல் தென்னிந்தியாவில் இருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பெரியசாமி, சின்னசாமி, முத்தையா, முரளிதரன். சங்கிலி மாதிரி ஒவ்வொரு தலைமுறையும் முந்திய ஆளின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறது, அதற்கு முந்தியவரின் கை விடுபட்டுவிடும். குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. வெள்ளைக்கார வர்ணனையாளர்களுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை, ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே இரண்டு விதம் ஓடியது, 2007-ல் ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் ஷேன் வோர்னோடு சேர்த்து அவர் பெயரில் கிண்ணம் வைத்தபோது அந்தப் பேச்சு மறுபடி கிளம்பியது. 2010-ல் காலியில் 800-ஆவது விக்கெட்டை எடுத்தபோது எந்த எழுத்துக்கூட்டலில் எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

கணேசன், வேலுப்பிள்ளை, சந்திரசேகரன், இவர்களும் குடும்பங்களா?

ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. மனோ கணேசன், பிரபா கணேசன் இருவரும் சகோதரர்கள், அப்பா வி.பி. கணேசன், தொழிற்சங்கத் தலைவர், நடிகரும்கூட. இங்கே அப்பாவின் சொந்தப் பெயர் மகன்களுக்குக் குடும்பப் பெயர் மாதிரியே வேலை செய்கிறது. பெரியசாமி சந்திரசேகரன், தலவாக்கலைக்காரர், மலையக மக்கள் முன்னணியைத் தொடங்கியவர், 2010 புத்தாண்டு அன்று இறந்தவர். அவர் மகள் அனுஷா சந்திரசேகரன் அரசியலுக்கு வந்தபோது பெரியசாமி கழன்றுவிட்டது, சந்திரசேகரன் நின்றுவிட்டது. அப்பா பெயர் வாக்கு வாங்கும் என்றால் அது அடுத்த தலைமுறைக்குப் போகும், அதற்கு அடுத்ததற்கும் போகுமா என்று பார்ப்போம்.

வேலுப்பிள்ளை வேறு கதை. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளைக்கும், யாழ்ப்பாணத்துக் கல்லடி வேலுப்பிள்ளைக்கும், தந்தை செல்வாவின் பெயரில் ஒளிந்திருக்கிற வேலுப்பிள்ளைக்கும் (சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம், அது அவர் அப்பா) ஒரு உறவும் கிடையாது. முருகன் பெயர், எந்த வீட்டிலும் வைப்பார்கள்.

தொண்டமான் பெயர் வைத்த இடங்கள்?

நோர்வூட் விளையாட்டு மைதானம், ஹட்டன் தொழிற்பயிற்சி நிலையம், றம்பொடைக் கலாசார மண்டபம், இவைதான் பிள்ளைகள் எழுதுவது. கொழும்பில் பழைய பாராளுமன்றப் பக்கம் சிலையும் இருக்கிறது. 2017-ல் மலையகத்திலேயே இந்த இடங்களில் இருந்து தொண்டமான் பெயரை எடுத்தபோது பெரிய சண்டை வந்தது, இ.தொ.கா. ஆட்கள் வீதிக்கு இறங்கினார்கள். என் கடைக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர், அவருக்கு வீட்டுத்திட்டத்தில் இன்னும் வீடு வரவில்லை, "பேர எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும், கக்கூசு எப்பக் கட்டுவாங்க" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் அவரோடு மல்லுக்கு நின்றுவிட்டார். எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது.

தொண்டமான் என்று பெயர் வைத்துக்கொள்ள யாருக்காவது தடையா?

சட்டத்தில் தடை இல்லை. ஆனால் தோட்டத்துக்குள் நடந்து பாருங்கள், கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவார்கள். கொஞ்சம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நியாயம் பேசினாலே "வந்துட்டாருய்யா தொண்டமான்" என்பார்கள்.

வெளிநாட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் என்கிறார்கள், எதை எழுத?

பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதையே, எழுத்துக்கு எழுத்து. புதிதாக யோசிக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் விழுந்திருந்தால் வெளிநாட்டில் உங்களை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், கட்டாரில் வேலை செய்கிற என் மச்சான் மூன்று வருசமாக 'மிஸ்டர் ராமையா', ராமையா மாமா மேட்டு லயத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறார். கல்யாணம் முடித்த பெண்கள்: பாதிப் பத்திரத்தில் அப்பா பெயர், பாதியில் புருசன் பெயர் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றைப் பிடித்தால் அதிலேயே நில்லுங்கள். பழைய பெயர் பழைய பத்திரத்தில் அப்படியே இருக்கட்டும், கல்யாணப் பத்திரத்தின் பிரதியைக் கூடவே வைத்திருந்தால் போதும்.

சரி, உங்கள் குடும்பப் பெயர் என்ன?

என் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் தெரியும். பூட்டன் பெயரை அப்பாயி சொல்லியிருக்கிறார், ஆனால் அது அவர் பெயரா பட்டப்பெயரா என்று அவருக்கே நிச்சயம் இல்லை. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கட்டம் வந்தது, மற்றவர்களுக்கு எழுதிக் கொடுக்கிற மாதிரியே என் பெயரை எழுதிக் கொடுத்தேன். இப்போது அவள் நோட்டுக் கொப்பி அட்டை பூராவும் தன் பெயருக்குப் பின்னால் என் பெயரைப் போட்டுக் கையெழுத்துப் பழகுகிறாள், கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு சுழி வேறு, அந்தச் சுழியை யாரிடம் பார்த்தாளோ தெரியாது.